ஊமை எழுத்துக்கு ஒன்பது யூரோ

துவார்னெனே கல்லறைத் தோட்டத்தில்
கல் எப்போதோ பொறித்தாகிவிட்டது.
சோவாசிக், அர்மெல், கொராந்தீன்.
கொராந்தீனுக்குப் பின்னால் மட்டும்
ஒரு கோடு, அப்புறம் வெறும் கருங்கல்.
கீழே ஒரே சொல்: ரேயுனி.
ஒன்றுசேர்ந்தார்கள்.

அதன் வாலில் ஓசையில்லாத இரண்டு எழுத்து.
ஈ, பெண்கள் என்கிறது.
எஸ், பலர் என்கிறது.
வாய்விட்டுப் படித்தால் காற்றுக்குக்கூடத் தெரியாது.
செதுக்குகிற கெர்வெலாவுக்குத் தெரியும்:
எழுத்துக்கு ஒன்பது யூரோ,
ஊமைக்கும் அதே விலை.

செவ்வாய்க்கிழமை அர்மெலுக்காகத் தோண்டும்போது
மண்வெட்டி ஒரு பெட்டியில் இடித்தது.
செருப்புப் பெட்டி அளவு.
தகரப் பட்டையில் ஜில்தாஸ் என்ற பெயர்,
பதினொரு நாள் இடைவெளியில் இரண்டு தேதி.
மூவருக்கும் மூத்தவன்.
அம்மா வாய் திறந்ததே இல்லை.

கெர்வெலா தொப்பியைக் கழற்றினார்.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.
"ஓர் ஆண் வந்துவிட்டால், மதாம்,
நூறு பெண்கள் இருந்தாலும்..."
ஈயை எடுத்துவிட வேண்டும். எஸ் இருக்கலாம்.
கல்தூளையும் பிசினையும் குழைத்து அடைத்தால்
சுவடே தெரியாது. அதற்கு முப்பது.

பலர்பாலுக்குள் ஒதுங்கிவிட்டால்
ஆணா பெண்ணா என்று யாரும் கேட்காத
ஒரு கூரை நம்மிடம் இருக்கிறது.
அந்த மொழி அதைக் கட்டவில்லை.
எண்பத்தாறு வயதும் எண்பத்தொன்பது வயதும்
பதினொரு நாளுக்கு
எழுந்து இடம்விட வேண்டியிருக்கிறது.

கொராந்தீன் உடனே ஒன்றும் சொல்லவில்லை.
குனிந்து அந்த ஈயைத் தடவினாள்.
நிஜ ஈயென்றால் பறந்திருக்கும்.
முப்பத்தெட்டு வருடம்
மத்தி மீனைத் தலைகிள்ளி டின்னில் அடுக்கிய விரல்.

"லா சார்தீன்," என்றாள்.
"என் கையால் எத்தனை ஆண் மீன் உள்ளே போயிருக்கும்?
ஒன்றாவது புகார் சொன்னதா?
மூடிமேல் கடைசிவரை பெண்பால்தான்."

கெர்வெலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.
"அது மீன், மதாம். இது இலக்கணம்."

"இது என் அண்ணன்.
போன வாரம்வரை எனக்கு அண்ணனே கிடையாது.
வந்தவன் வந்த இடத்தில்
எங்களோடு எங்களாக இருக்கட்டும்.
பெயரை மட்டும் போடுங்கள், மேலே,
முதல் வரியில்."

ஜில்தாஸ். அவர்கள் எழுத்தில் ஆறு.
ஐம்பத்து நான்கு யூரோ என்று
பென்சிலால் குறித்துக்கொண்டார்.
பிறகு ஒருமுறை, வேறெதற்கோ போல,
மெல்ல வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.
அதில் ஒன்றுகூட ஊமையில்லை.