மற்றவை

டண்டெனோங்கில், டேஃப் கல்லூரியின் முகப்பு மேசை.
முதியோர் பராமரிப்பு, மூன்றாம் தரச் சான்றிதழ்.
பிஸ்கற் தொழிற்சாலை பூட்டி ஐந்து மாதம்.
அறுபத்திரண்டு வயதில்
முதியோரைப் பராமரிக்கப் படிக்க வந்திருக்கிறேன் என்றேன்.
மேசைக்கு அப்பால் இருந்தவள் சிரிக்கவில்லை,
அதற்காகவே அவளைப் பிடித்துப்போயிற்று.

லியென் என்று சட்டையில் பெயர்.
ஆறாம் கேள்வியில் நின்றுவிட்டாள்:
பாடசாலையில் கடைசியாகச் சித்தியடைந்த பரீட்சை?
அம்புக்குறியை அழுத்த ஒரு பட்டியல் இறங்கிற்று.
உலகத்துச் சோதனைகளெல்லாம் வரிசையில் நின்றன,
என்னுடையதைத் தவிர.

எப்படிச் சொல்ல?
அண்ணன் சந்திரமோகன் எடுத்தது பழைய ஓ எல்.
தம்பி இரவீந்திரன் எடுத்தது புதிய ஓ எல்.
இடையில் ஒரு அரசாங்கம் ஓ எல்லைத் தூக்கிவிட்டு
வேறொன்றை வைத்தது.
அடுத்து வந்த அரசாங்கம் அதைத் தூக்கிவிட்டு
ஓ எல்லைத் திருப்பி வைத்தது.
தூக்கியதற்கும் வைத்ததற்கும் நடுவில்
பதினைந்து வயதாகித் தொலைத்தவள் நான்.

தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்.
மடித்த இடமெல்லாம் வெளுத்த கடதாசி.
கணிதம், திறமைச் சித்தி. விஞ்ஞானம், சாதாரண சித்தி.
கீழே, தனியாக ஒரு வரி:
தொழில் முன்னிலைப் பாடம், வெங்காயச் செய்கை,
விசேட சித்தி.

மகன் வாகீசனுக்கு இதைக் காட்டிய அன்று
குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்று சிரித்தான்.
"வெங்காயத்தில டிஸ்டிங்ஷனா அம்மா?"
தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டென்று
யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவன் அப்போது வீகால் படித்தான்,
பல்கலைக்கழகம் வேண்டாமென்ற பிள்ளைகளின் பன்னிரண்டாம் வகுப்பு.
ஓடு பதித்தல், வேலைத்தளப் பாதுகாப்பு,
விலைமதிப்பு எழுதப் போதுமான கணக்கு.
ஏட்டார் எத்தனை என்று கோயிலில் கேட்பார்கள்.
எண்ணே இல்லை என்று சொல்லாமல்
அவன் அப்பா மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.
நானும் மழையைப் பற்றிப் பேசினேன்.

போன வருடத்தோடு வீகாலையும் தூக்கிவிட்டார்கள்.
அதன் இடத்தில் இப்போது வேறு பெயர்.
ஒரு சனிக்கிழமை, முழங்காலில் சீமெந்துத் தூளோடு
கைபேசியைப் பார்த்துக்கொண்டே வந்தான்.
"அம்மா, என்ர சேர்டிபிகேட்டும் செத்துப்போச்சு."
நான் சிரிக்கவில்லை.
கொஞ்சம் சிரிக்க ஆசையாகத்தான் இருந்தது.

லியென் குரலைத் தாழ்த்தினாள்.
அவள் தகப்பன் சைகோனில் சித்தியடைந்த பத்திரத்தில்
முத்திரை இருக்கிறதாம், கையெழுத்து இருக்கிறதாம்,
கொடுத்த நாடுதான் இல்லையாம்.
"உங்கள் நாடு இருக்கிறதுதானே?" என்றாள்.
அதற்கும் ஒரு பட்டியல் இறங்காதா என்று
திரையைப் பார்த்தேன்.

பிறகு அவள் அடிமட்டம்வரை போய்
'மற்றவை'யைத் தெரிவு செய்தாள்.
விளக்குக என்று ஒரு சின்னப் பெட்டி திறந்தது.
சான்றிதழின் பெயரில் பாதி எழுதுவதற்குள்
பெட்டி முடிந்துவிட்டது.
பரவாயில்லை, போதும் என்றாள்.
திங்கட்கிழமை வகுப்பு. கறுப்புச் சப்பாத்து வேண்டுமாம்.

அன்றிரவு வாகீசன் கரண்டியைக் கழுவிக்கொண்டு கேட்டான்,
அந்தச் சோதனையில் என்னதான் கேட்டார்கள்?
ஒரு வெங்காயத்துக்கும் அடுத்ததுக்கும்
எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று கேட்டார்கள்.
"எவ்வளவு?"
நாலு அங்குலம்.
"ஓட்டுக்கு மூன்று மில்லிமீற்றர்" என்றான்.
தண்ணீரைப் பூட்டவில்லை. கொஞ்ச நேரம் ஓடியது.
"அதையும் மாத்துவாங்கள்."