ஒரு நொடி பாக்கி

எங்கள் பள்ளியில் துப்பாக்கி கிடையாது.
விளையாட்டு விழாவின் கடைசி ஓட்டத்தை
வெள்ளைக்கல் குவாரிதான் தொடங்கி வைக்கும்.
மூன்றரைக்குச் சங்கு ஊதும்,
குனிந்து கோட்டில் விரல் ஊன்றுவோம்.
சங்கு ஓய்ந்ததும் வெடி.
ஓடுவோம்.
யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது.
சூரமங்கலத்துப் பள்ளிக்காரர்கள் கேட்டுச் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.
அவர்களுக்கு வெறும் விசில்.

நான்கு அணிக்கும் மலைகளின் பெயர்:
சேர்வராயன், கஞ்சமலை, நகரமலை, ஜருகுமலை.
நான் ஜருகுமலை.
கோப்பையைத் தூக்கியதே இல்லை,
அடுத்தவர் தூக்கும்போது
நன்றாகக் கைதட்டுவோம்.

தொண்ணூற்று நான்கு, பிப்ரவரி.
பெண்கள் நானூறு மீட்டர்.
வெறுங்கால், தம்பியின் கால்சட்டை,
இடுப்பில் இரண்டு ஊக்கு.
அறுபத்தாறு புள்ளி எட்டு.
சாதனைப் பலகையில் ஏறினேன்:
கோ. தவமணி, பத்தாம் வகுப்பு.
ணகரத்தின் சுழி கொஞ்சம் வழிந்துவிட்டது.
இருபத்தொன்பது வருஷம்
வழிந்தபடியே நின்றது.

இப்போது கருப்பூர்ப் பக்கம் எடைமேடையில் வேலை.
லாரி ஏறும், எண் ஓடும், நிற்கும்.
மொத்தத்தில் வண்டியைக் கழித்தால் சரக்கு.
கழிக்கத் தெரியாதவளுக்கு
இங்கே நாற்காலி இல்லை.

போன மாதம் விஜயலதா மிஸ் போன் செய்தார்.
புது டேப் வந்ததாம், அளந்தார்களாம்.
"தப்பா நினைக்காதீங்கக்கா,
நம்ம ட்ராக் முந்நூத்தி எண்பத்தெட்டுதான்."
காம்பவுண்டு ஓரத்து வேம்பைச் சுற்றச் சோம்பி
யாரோ எந்தக் காலத்திலோ
கோட்டை உள்ளே வளைத்துவிட்டார்கள்.
பன்னிரண்டு மீட்டர்.
பலகைக்கு வெள்ளையடிக்கப் போகிறார்களாம்.
விழாவுக்கு நான் கட்டாயம் வரவேண்டுமாம்.

சரி என்றேன்.
அன்றைய இரவு ஷிப்டில் ஒரு லாரியும் வரவில்லை.

எபநேசர் சார் ஞாபகத்துக்கு வந்தார்.
குவாரியைப் பார்த்து நிற்பார்,
நாங்கள் அதற்கு முதுகு காட்டி.
தூசி எழுந்ததும் அவர் கடிகாரத்தை அமுக்குவார்.
சத்தம் காதில் விழுந்த பிறகுதான் எங்கள் கால் கிளம்பும்.
நடுவே ஒரு கிலோமீட்டர் காற்று.
வெடிச்சத்தம் அதைக் கடந்துவர
மூன்று நொடி.

ரசீதைத் திருப்பிப் போட்டு எழுதினேன்.
மூன்று, எனக்கு வரவேண்டியது.
பன்னிரண்டு மீட்டருக்கு இரண்டு, நான் தரவேண்டியது.
மறுபடி போட்டுப் பார்த்தேன்.
பள்ளி எனக்கு
ஒரு நொடி பாக்கி.

விழாவுக்குப் போனேன்.
குவாரி மூடிக்கிடந்தது,
மூன்றரை மணி சத்தமில்லாமல் போனது.
இப்போதெல்லாம் இரண்டு பலகையைத் தட்டுகிறார்கள்.
கோடு வேம்பைச் சுற்றிப் போனது, முழு நானூறு.
கனிஷ்கா என்று ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு.
மஞ்சள் பனியனில் ஜருகுமலை.
கடைசி வளைவில் தலை பின்னால் சாய்ந்துவிட்டது,
வாய் பிளந்து, எதையோ திட்டிக்கொண்டே வருகிற மாதிரி.
அறுபத்தாறு புள்ளி இரண்டு.

மைக் அலறியது:
இருபத்தொன்பது ஆண்டுச் சாதனை முறிந்தது!
ஜருகுமலைப் பிள்ளைகளுக்கு
என்ன செய்வதென்று தெரியவில்லை,
பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள்.

என் பையில் ரசீது.
ரசீதில் அறுபத்தைந்து புள்ளி எட்டு.

மெடலை நான்தான் போட்டேன்.
குனிந்தாள், மூச்சு இன்னும் இறங்கவில்லை.
"ஆன்ட்டி, உங்க டைம் எவ்ளோ?"
பலகையில் வெள்ளை இன்னும் ஈரம்.
"உன்னுதுக்கு முன்னப்பின்ன இருக்கும் கண்ணு" என்றேன்.

முன்னேயா பின்னேயா என்று
அவள் கேட்கவில்லை.
தோழிகள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ரசீதை
நான் இன்னும் கிழிக்கவில்லை.