நிறம்: கறுப்பு

முதல் எல்லையில் கேட்டார்கள்:
பெயர், இனம், எடை, நிறம்.
பெயர் கோமால் என்றேன்,
எங்கள் ஊரில் சோள ரொட்டி சுடும் கல்.
இனம்? அம்மா தெரு, அப்பா யாரென்று தெரியாது.
எடை? காப்பி மூட்டைத் தராசில் இருபத்தியொன்று,
வாலை ஆட்டாமல் நின்றால்.
நிறத்தை மட்டும்
என்னைக் கேட்காமலே எழுதிக்கொண்டார்.

வேனைப் பற்றியும் சொல்லவேண்டும்.
தபால் துறை கழித்துக்கட்டியது,
வாஹாகா ஏலத்தில் நான் எடுத்தது.
மூன்றாம் கியர் விழாது,
இரண்டிலிருந்து நான்குக்கு ஒரே தாவல்.
ஒவ்வொரு தாவலுக்கும்
பக்கத்து இருக்கையில் தலை நிமிரும்.
பேச்சின் நடுவே ஒரு சொல்லை விழுங்கியவளைப்
பார்ப்பதுபோல் ஒரு பார்வை.

அலோத்தெனாங்கோவில் பஞ்சர்.
ஃபெலிசியானா சூனுக்
டியூபைத் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடியபடியே
நாயின் பாதத்தைப் புரட்டிப் பார்த்தாள்.
"மேலேயா? அங்கே கல்லெல்லாம் கண்ணாடிச் சில்லு."
லாரி டியூபில் நான்கு செருப்பு வெட்டித் தந்தாள்.
பஞ்சருக்கு மட்டும்தான் காசு வாங்கினாள்.
கோமால் ஒன்றில் நடந்து பார்த்தது,
ஒன்றைத் தின்று பார்த்தது.
மூன்று செருப்போடு கிளம்பினோம்.

லா சொலெதாதில் பாதை தொடங்கும் இடத்தில்
ஒரு மஞ்சள் நாய் நின்றது.
வழிகாட்டி எவாரிஸ்தோவிடம் பெயர் கேட்டேன்.
"பெயர் கிடையாது. நேரம் உண்டு. காலை ஒன்பது."
நாள்தோறும் ஏறுமாம், நாள்தோறும் இறங்குமாம்,
யார் பையில் கோழி இருக்கிறதோ அவர் பின்னால்.

என் பையில்
வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, புழு நீக்கியதற்குச் சான்று,
இரண்டு முத்திரை, ஒரு கையெழுத்து குறைவு.
மஞ்சளுக்கு ஒரு காது குறைவு.
முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை
இரண்டும் மோந்துகொண்டன.
பரிசோதனை முடிந்தது.

சோள வயல்.
மேகம் நுழைந்துகொண்ட காடு.
பைன்.
அப்புறம் கரிய சரளை மட்டும்.
இரண்டடி வைத்தால்
ஒன்றை வட்டியாகப் பிடித்துக்கொள்கிற மலை.

இரவு, கூடாரத்துக்கு எதிரே ஃபுவேகோ.
கால் மணிக்கொரு முறை
அடிவயிற்றில் முதலில் கேட்டது, காதில் பிறகு.
எல்லாரும் கைப்பேசியைத் தூக்கினார்கள்.
கோமால் பார்க்கவே இல்லை.
என் முழங்காலுக்குப் பின்னே மூக்கைச் செருகி நடுங்கியது.
தடவினேன், பாடினேன், அதட்டினேன்,
ரொட்டி கொடுத்தேன், ரொட்டியும் நடுங்கியது.

எலும்பை முடித்துவிட்டு மஞ்சள் எழுந்து வந்தது.
கோமாலின் முதுகோடு தன் முதுகை வைத்துப் படுத்தது.
வேறெதுவும் செய்யவில்லை.
கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.
நானும் நடுங்கிக்கொண்டிருந்தேன் என்று
அது நின்றபோதுதான் தெரிந்தது.

விடியலில் காற்று திரும்பிற்று.
காப்பியில் சாம்பல், இமையில் சாம்பல்.
மஞ்சளும் கறுப்பும் அடையாளமில்லாமல்
ஒரே நாயின் இரண்டு பிரதி.
சறுக்கிச் சறுக்கி இறங்கினோம்.
அடிவாரத்தில் புதிய கூட்டம், புதிய பைகள்.
மஞ்சள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.
மணி ஒன்பது.

குழாய்களில் தண்ணீர் இல்லை.
வைப்பர் கண்ணாடியைச் சுரண்ட
அப்படியே ஓட்டினேன், மதியம் சால்வடோர் எல்லை.
சீருடைப் பெண் தாளைப் பார்த்தாள்.
நாயைப் பார்த்தாள்.
"இதில் கறுப்பு என்று இருக்கிறது."
மலை, காற்று, குழாய் என்று தொடங்கினேன்.
கையமர்த்தினாள்.
பாட்டிலில் கைக்குட்டையை நனைத்து
குனிந்து, நெற்றியில் ஒரே ஒரு தேய்ப்பு.

பொட்டளவு கறுப்பு.

"சரிதான்" என்று முத்திரை குத்தினாள்.
அந்த நொடி பார்த்துக் கோமால்
மூக்கிலிருந்து வால் வரைக்கும் உதறியது.
மை காயாத வட்டத்தில்
கொஞ்சம் மலை ஒட்டிக்கொண்டது.