பதினெட்டாவது வரி

பிஸ்மி நெட் சென்டரில் எனக்கு நாலாவது முறை.
எனக்கு முன்னால் மூன்று பையன்கள்,
மூவரும் ஒரே வரிசையை அடித்துவிட்டுப் போனார்கள்.
புளியரைப் பக்கமிருந்து செங்கோட்டைக்குள் சாரல்.
ஜெராக்ஸ் மெஷினுக்கு மசூது அண்ணன்
ஓர் உரச்சாக்கைப் போர்த்தியிருந்தார்.

என் பெயர் முப்புடாதி.
மார்க் ஷீட்டில் ஒரு பி. ஆதாரில் இரண்டு பி.
சாதிச் சான்றிதழில் கடைசிக்கு முன்னால் ஒரு ஹெச்.
மூன்று பேரும் நான்தான் என்று
அந்தப் பக்கத்தை நம்ப வைக்கவே
முக்கால் மணி நேரம்.

பிறகு பாடப்பிரிவுகள்.
கம்ப்யூட்டர் சயின்ஸ்.
அதே கம்ப்யூட்டர் சயின்ஸ், சைபர் செக்யூரிட்டியோடு.
அதே, ஏஐயோடு. அதே, டேட்டாவோடு.
ஒரே மாவுக்கு எத்தனை பெயர்!

அம்மா சிவில் என்றாள்.
"வீடு கட்டுறது என்னைக்காவது நிக்குமா?"
செல்லத்தாய் சித்தியின் மருமகனுக்கு
மார்ச் மாதம் பெங்களூரில் ஒரு மெயில் வந்தது.
அதிலிருந்து அவர் சாயங்காலம்தான் முகம் கழுவுகிறார்.
"இனிமே அதுவே எழுதிக்கிடுமாம்லா,
இவ படிச்சி என்ன செய்யப் போறா?"
பஸ் ஸ்டாப்பில் கேட்டார்கள்.
எனக்குப் பதில் தெரியாது.
இப்போதும் தெரியாது.

தெரிந்தது வேறு.
பன்னிரண்டாம் வகுப்பில், அரையாண்டு முடிந்ததும்,
பள்ளிக்கூட லேபில் மவுஸ் ஓடாத ஆறாம் நம்பரில் உட்கார்ந்து
அப்பாவின் லோடு நோட்டைப் பைத்தானில் எழுதினேன்.
பாவூர்சத்திரத்தில் ஏற்றியது, புனலூரில் இறக்கியது,
எந்தக் கடை எவ்வளவு பாக்கி.
இருபத்தாறு வரி.
முதல் வாரம் அப்பா மார்க்கெட் முழுக்கச் சொன்னார்.
இரண்டாம் வாரம்
குஞ்ஞுமோன் கடைக்கு வெள்ளரிக்காய் இரண்டு தடவை விழுந்தது.
ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் கூடுதல்.
அவர் பேசாமல் கொடுத்துவிட்டார்.
அப்புறம் மூன்று நாள்
அப்பாவை டீ குடிக்கக் கூப்பிடவில்லை.

நோட்டில் பார்த்து எழுதிவைத்திருந்ததை
ராத்திரி முழுக்க விரலால் தடவிக்கொண்டே போனேன்.
பதினெட்டாவது வரி.
சுற்றுக்கு வெளியே நிற்கவேண்டியது
நாலு இடைவெளி தள்ளி உள்ளே நின்றது.
மெஷின் பொய் சொல்லவில்லை.
நான் சொன்னதைச் செய்திருந்தது,
நான் நினைத்ததை அதற்கு யார் போய்ச் சொல்வது?
பணத்தைத் திருப்பிக் கொடுக்கையில் அப்பாவுக்கு வெட்கம்.
எனக்கு, வெளியில் சொல்ல முடியாத சந்தோஷம்.

படிவத்தில் காரணம் எழுத இடமில்லை.

பதினேழு கட்டங்களில் கம்ப்யூட்டர்.
பதினெட்டாவதாக அம்மாவுக்கு ஒரு சிவில்.
பூட்டிவிடவா என்று கேட்டது.
பூட்டு.

ஓடிபி அப்பாவின் நம்பருக்குப் போனது.
அப்பா மலையில் இருந்தார்.
கோட்டைவாசல் தாண்டினால் ஆரியங்காவு வரைக்கும்
இந்தப் பக்க டவரும் விட்டுவிடும்,
அந்தப் பக்க டவரும் எடுத்துக்கொள்ளாது.
முதல் ஓடிபி செத்தது. இரண்டாவதும்.
பின்னால் ஒரு பையன் நாற்காலிக் காலைத் தட்டினான்.
எழுந்து இடம் விட்டு, கதவோரம் நின்று,
மறுபடி உட்கார்ந்தேன்.

மூன்றாவது தடவை போனில் வந்தது அப்பா இல்லை.
அவர் கண்ணாடி சீட்டுக்கடியில் எங்கேயோ.
"ஞான் வாயிக்காம், எழுதிக்கோ" என்றார் குஞ்ஞுமோன்.
"நாலு. ஏழு. ஒம்பது. ரண்டு. பூஜ்யம். பூஜ்யம்."
என் விரல் நின்றது.
பூஜ்யம் ஒன்றா, இரண்டா?
"ரண்டு தவண உண்டு மோளே.
இது தெற்றல்ல."
சிரித்தாரா என்று தெரியவில்லை,
அதற்குள் ஒரு லாரி ஹாரன்.

அடித்தேன். பக்கம் சுற்றியது.
இன்னும் சுற்றியது.
பச்சையில் ஒரு வரி வந்தது.
மசூது அண்ணன் சாக்கை விலக்கி பிரிண்ட் எடுத்தார்,
மை தீர்கிற நேரம், என் பெயரில் பாதி வெளுத்திருந்தது.

முப்பது ரூபாய் என்றார்.
என்னிடம் இருபதுதான்.
மீதியை ஒரு நாற்பது பக்க நோட்டில்,
பேனாவால், எழுதிக்கொண்டார்.