நாற்பத்தொன்று

எண்ணூர் நெடுஞ்சாலையில்
நேற்று மாலையிலிருந்து கன்டெய்னர்கள் நகரவில்லை.
வரிசை நடுவே ஒரு லாரி மட்டும்
மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

என் கையில் பதினேழு பக்கப் படிவம்.
ஏறுபாதையின் சாய்வு இருபது பாகைக்குள்.
குளம்பு வழுக்காமல் குறுக்குச் சட்டம்.
தலைக்கு இத்தனை சதுர மீட்டர், இத்தனை லிட்டர்,
ஏழு நாள் கடலுக்குப் பத்து நாள் தீவனம்.
எல்லாம் கப்பலைப் பற்றி.
கும்மிடிப்பூண்டி தாண்டி
பதினோரு மணிநேரம் நின்ற நிற்பை எழுத
கட்டம் இல்லை.

லூர்து டார்ச் பிடித்தான்.
டயர்மேல் ஏறி காது வில்லைகளை வாசித்தேன்,
ஒவ்வொன்றும் பன்னிரண்டு இலக்கம்.
எருமைமேல் மழை பெய்த மாதிரி என்பார்கள்.
சொன்னவர் எவரும்
தாகத்தில் நிற்கும் எருமையின் முதுகில்
ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை.
தோல் முழுக்க ஓடிற்று ஒரு நடுக்கம்,
காசிமேட்டு விடிகாலைத் தண்ணீரில்
காற்று படுவதுபோல.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.
"மேடம், காலுங்க நடுவுல இன்னொண்ணு கீது."

ஈரம் காயாத கன்று. காதில் வில்லை இல்லை.
தாயின் சான்றிதழில் ஊர் மருத்துவர்
முத்திரை குத்தியிருந்தார்: சினை இல்லை.

ஏஜென்ட் வெங்கடபதி போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார்:
"பேப்பர்ல நாப்பது, கப்பல்ல நாப்பது.
இது இன்னா டாக்டர்மா, கொசுறு."
ஓட்டுநர் ஓபுலேசு எதுவும் பேசவில்லை.
தன் குடிதண்ணீரைத் திறந்து
கன்றின் மூக்கைக் கழுவினான்.

போன மாதக் கப்பலின் அறிக்கை மேசையில் இருக்கிறது.
இறப்பு 0.8 சதவீதம், ஏற்கத்தக்கது.
ஆயிரத்து நானூறில் பதினொன்று.
எந்தப் பதினொன்று என்று இல்லை.
கீழே என் கையெழுத்து,
அழகாகத்தான் இருக்கிறது.

தாயும் கன்றும் மாதவரம் போகட்டும் என்றேன்.
இறக்க ஏறுபாதை இல்லை.
ஐஸ் கடையிலிருந்து இரண்டு பலகை வந்தது,
மீன்செதிள் ஒட்டிய பலகை.
ஓபுலேசு கன்றைத் தோளில் போட்டு முதலில் இறங்கினான்.
அவள் ஒருமுறை முகர்ந்தாள்,
பிறகு பின்னாலேயே வந்தாள்.
சாய்வு இருபதுக்கு மேல்தான் இருக்கும்.
அளக்கவில்லை.

மீதி முப்பத்தொன்பது தாள்.
அதே ஊர், அதே முத்திரை, ஒரே நாளின் மை.
"ஆறு மணிக்குக் கப்பல்" என்றார் வெங்கடபதி.
பேனாவை மூடினேன்.
எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன்.
"நடுரோட்டுலயா?"
ரோடுதான் போகவில்லையே.

தோள்வரை வரும் உறையை மாட்டிக்கொண்டேன்.
பையில் பன்னிரண்டுதான் இருந்தன.