லைன் வீடு, எண் ஏழு

முப்பத்தி நாலு வயதில்
இன்டீரியர் டிசைன் முதுகலையில் சேர்ந்தேன்.
அதற்கு முன் ஒன்பது வருடம்
குன்னூர் பங்களாக்களுக்கு மாடுலர் கிச்சன் மாட்டினேன்.
மழைக்காலத்தில் பிளைவுட் எங்கிருந்து உப்பத் தொடங்கும் என்று
எந்தப் பாடப்புத்தகத்தையும்விட எனக்குத் தெரியும்.
பட்டம்தான் இல்லை.
'ஆசாரியம்மா' என்பார்கள்;
பில்லைக் குறைக்கும்போது மட்டும் 'மேடம்'.

இரண்டாம் ஆண்டு ஆய்வுக்கு
கைடு ஒரு ரிசார்ட்டைச் சொன்னார்.
நான் கோத்தகிரி ரோட்டிலிருந்து சரிவில் இறங்கி
ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டைக் கேட்டேன்.
எண் ஏழு. ரொசாலின் வீடு.
பத்துக்குப் பன்னிரண்டு, ஓரத்தில் அடுப்பு.
போன வருடம் நான் முடித்துக் கொடுத்த
ஒரு டாக்டரம்மாவின் துணி அறை
பதினொன்றுக்குப் பதின்மூன்று.

லேசர் மீட்டரை வைத்தேன்.
சிவப்புப் புள்ளி எதிர்ச் சுவரில் ஏறியது.
சின்னவன் டெல்வின் ஓடிப்போய்
உள்ளங்கையால் அதைப் பொத்தினான்.
அறையின் நீளம்
ஒரு விரற்கடை குறைந்தது.

படிவத்தில் ஒரு கேள்வி:
வீட்டுக்குள் நடமாட்டப் பாதை எது?
'நடமாட்டமா?' ரொசாலின் சிரித்தாள்.
'ஆறு பேரு. திரும்பிப் படுக்கிறதுக்கே
ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கணும்.'
அப்படியே எழுதிக்கொண்டேன்.

நான் வரைந்து கொண்டுபோயிருந்தேன்:
பகலில் சுவரோடு மடங்கும் கட்டில்,
இறக்கினால் மேசையாகும் பலகை.
தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தாள்.
'அழகாத்தான் இருக்கு.
ஆனா ஆணி அடிக்கக் கூடாதே.
சுவரு கம்பெனியோடது.'

அப்போதுதான் நிமிர்ந்தேன்.
உத்தரத்திலிருந்து உத்தரத்துக்கு ஒரே நைலான் கயிறு.
அதில் நான்கு ஸ்வெட்டர்,
கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாள்,
ரேஷன் கார்டு வைத்த மஞ்சள் பை, ஜெபமாலை.
எல்லாமே ஈரம். ஜெபமாலைகூட.
சொட்டுகிற இடத்தில் மட்டும்
யாரும் தலை வைத்துப் படுப்பதில்லை.

அடுப்புக்கு மேலே இன்னொரு கயிறு கட்டினேன்.
உயரம், கையேட்டுப் பட்டியல்படி:
சராசரி இந்தியப் பெண் கையைத் தூக்கினால் எட்டுவது.
படம் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை கயிறு காலி.
'கை ஏறாது' என்றாள்.
இருபத்திரண்டு வருடம்
முதுகுக் கூடைக்குக் கொழுந்தை எறிந்த தோள்
காதுக்குக் கீழேயே நின்றுவிட்டது.
பட்டியலில் அந்தத் தோள் இல்லை.

குன்னூர் மார்க்கெட்டில் இரண்டு கப்பி,
நூற்றைம்பது சொல்லி நூற்றி முப்பதுக்குத் தந்தான்.
ஒரு மூங்கில். உத்தரத்தில் கட்டு; ஆணி இல்லை.
கயிற்றைக் கீழே இழுத்தால்
துணி மேலே போகும்.
இடது கையால் இழுத்துப் பார்த்தாள்.
மறுபடி ஒருமுறை.
பிறகு எனக்கு டீ போட்டாள்.

தேர்வுக் குழுவில் ஒருவர் கேட்டார்:
'இதில் இன்டீரியர் எங்கே?'
மனப்பாடம் செய்த பதில் வாயில் வரவில்லை.
'காலையில் ஸ்வெட்டர் காய்ந்திருக்கிறது, சார்' என்றேன்.
பி பிளஸ்.

அளவு நோட்டைப் புரட்டியவர்
கடைசிப் பக்கத்தில் நின்றார்.
அது என் எழுத்து இல்லை.
நான் டீ குடித்த நேரத்தில் டெல்வின்
லேசரை வாசலுக்கு எடுத்துப்போய்
எதிர் மேட்டுப் பங்களாவைக் குறிவைத்திருக்கிறான்.
அன்றைக்கு நல்ல மூடுபனி.
திரையில் வந்ததை
கோணல் எழுத்தில் குறித்திருந்தான்:

பங்களா வரைக்கும் – எரர்.