ஒரு கோப்பு மட்டும்

வால்பராய்சோ. கடை மூடும் நேரம்.
எதுவீனாவின் பழைய மேக்கிலிருந்து
அலுவலகம் தந்த விண்டோஸுக்கு
நாலாயிரத்துச் சொச்சம் போய்விட்டன:
வரி ரசீதுகள், பூனையின் எக்ஸ்ரே,
யாருடைய கல்யாணமோ, மங்கலாக.

ஒன்று மட்டும் அடம்பிடித்தது.
தம்பிக்கு எழுதி அனுப்பாத கடிதம்.
பெயர்: ¿எப்போது பேசலாம்?

எங்கள் எழுத்தில் கேள்விக்கு இரண்டு குறி,
முன்னால் தலைகீழாய் ஒன்று,
பின்னால் நேராய் ஒன்று.

"பெயரில் கேள்விக்குறி ஆகாது இதற்கு" என்றேன்.
"இரண்டுமா?"
"தலைகீழாய் நிற்பதை விட்டுவிடும்.
முடித்துவைப்பதுதான் ஆகாது."

நகர்ந்து உட்காரச் சொல்லி
கடைசிக் குறியை அவளே அழித்தாள்.
நொடியில் போயிற்று.

கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
"புந்தா அரேனாஸில் இப்போது
மணி என்ன இருக்கும்?" என்றாள்,
சில்லறை எண்ணுகிறவள் போல.